அதை மட்டும் கூட்டிச் சொல்லலாம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த டைரி ஃபோம் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்தது. சோபா, குஷன் வேலையில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்பதற்காக எனக்கு மட்டும் விசேஷமாகக் கொடுத்தது. எல்லாக் கடைக்கும்தான் கொடுத்தான் என்கிறான் மச்சான். எதையும் சப்பென்று ஆக்குவதில் என் பெண்டாட்டியின் தம்பிக்கு நிகர் அவனேதான். இத்தனை மாதமாக டீ டம்ளர் வைக்கத்தான் உதவியது. இன்று முதல் எழுதப்போகிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் நின்ற வரைக்கும் என் கையெழுத்தைப் பார்த்துத்தான் வாத்தியார்களே எழுதப் பழகினார்கள்.

ஏன் எழுதவேண்டும்? என் வாய்க்கு ஓர் இடம் வேண்டும். பெண்டாட்டி முன்னறையில் படுத்த படுக்கையாகிவிட்டாள். பேச்சுக் கொடுத்தால் களைத்துப்போகிறாள்.

கட்டி வயிற்றில் தொடங்கி ஈரலுக்குப் போயிருக்கிறது. தெருவில் கேட்பவர்களிடம் சின்னப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவளுக்கு ஒரு மெத்தை செய்திருக்கிறேன் பாருங்கள் — யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? — கெட்டியான ஃபோம் அடியில், நடுத்தரம் நடுவில், மேலே மிருதுவானது. இடுப்பும் குதிகாலும் படுகிற இடத்தில் குழி வெட்டி, அதற்கு மட்டும் தனி உறை. முதுகில் ஒரு புண் வரவில்லை. பால்காரன் வந்தபோது, இந்த மெத்தையின் அளவு கேட்டு மூன்று பெரிய ஆஸ்பத்திரிகள் போன் செய்துவிட்டன என்றேன்.

கண்ணைத் திறக்காமலே உள்ளேயிருந்து, "நேத்து ஒரு ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க. ராத்திரியில ரெண்டு கட்டிட்டாங்களா?" என்றாள்.

பால்காரன் சிரித்தான். அவளும். அவள் சிரித்தால் எனக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி.

ஆகஸ்ட் 7, வியாழன்

மருமகள் வந்தாள். மச்சானின் பெண். வேலை விட்டு வருகிற வழியில் தினமும் நுழைந்து, அத்தையைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுப் போகிறாள். வாய் மட்டும் அப்படியே என் வளர்ப்பு.

இந்த வீட்டில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. மாமா சொன்னால் பத்தில் ஒன்று. மருமகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் கண்டுபிடித்த கணக்கு, இன்று வரை தெருவே அதைத்தான் போடுகிறது. எனக்கு வருத்தமில்லை. பத்தில் ஒன்று எடுத்தாலும் என் கதை மற்றவன் கதையைவிடப் பெரியது.

புதுசாக வந்த பக்கத்து வீட்டம்மா, "உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டாள். தெருவில் ஓடுவதெல்லாம் என் பிள்ளைகள்தான் என்றேன். படுக்கையில் இருந்தவள் முகத்தை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளிச்சம் கண்ணில் குத்தியிருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று மச்சான் கெடுத்துவிட்டான்.

அவன் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். சபையில் மூப்பர். ஒரு முழம் என்றால் அளந்து பார்த்துத்தான் சொல்வான். அவளால் இனி கோயிலுக்கு வர முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வேதம் வாசிக்கிறான். கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத்தான் அவள் கேட்கிறாள். அந்தப் பரலோக நகரம், கண்ணாடி மாதிரிப் பொன், கண்ணீர் துடைக்கிற இடம், இனி சாவில்லை என்பது. அவளுக்கு அதெல்லாம் நெஞ்சோடு தெரியும். இருந்தாலும் கேட்கும்போது முகத்தில் வலி இறங்கிவிடுகிறது. நானே பார்த்தேன். மாத்திரையால் ஆகாத வேலை.

அதற்குக் கொஞ்சம் தள்ளி, அந்த நகரத்து வாசலுக்கு வெளியே நிற்கப்போகிறவர்கள் யார் யார் என்று வருகிறது. அந்த வரிசையில் பொய் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மச்சான் அந்த இடத்தில் குரலை உயர்த்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"என்ன மச்சான், அந்த வரிசையில எனக்கு முன்னாடி பள்ளிக்கூட கிளார்க்குன்னு ஒண்ணு இருக்குமே, அதை விட்டுட்ட?" என்றேன்.

மருமகள் சிரித்தாள். படுக்கையில் சிரிப்பில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாப்பிடவில்லை. கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"நீங்க வெளிய நின்னா, நான் உள்ள என்னத்த சந்தோஷமா இருக்கறது?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துத் தள்ளப் பார்த்தேன். பொய் வேறு, கூட்டிச் சொல்வது வேறு. பொய் அடுத்தவனைக் கெடுக்கச் சொல்வது. நான் சொல்வது அடுத்தவன் முகம் மலரச் சொல்வது. எவனாவது என்னால் கெட்டான் என்று காட்டட்டும் என்றேன்.

"வாசல்ல அதை யாரு பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பா?" என்றாள்.

"பிரிச்சுப் பாக்கத்தானே ஆண்டவர் இருக்கார்?"

"விளையாடாதீங்க. நான் போற இடத்துல அழுகையே கிடையாதாம். நீங்க வெளிய நிக்கறதைப் பாத்துக்கிட்டு அழாம எப்படி இருப்பேன்? பாக்காம இருந்தா, அது நானா?"

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 13, புதன்

போதகரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், ஆனால் பதறாமல் கேட்பார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "பொய்யே போதும்னு பிடிச்சுக்கிட்டு நிக்கறவனுக்கு அந்த வெளிச்சம் பிடிக்காது, அவனே வெளிய நின்னுக்குவான். உள்ள வர ஆசைப்படறவனை அவர் தள்ளமாட்டார் மாமா. வாயைக் கழுவிக் கூட்டிட்டுப் போவார். இதை அம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க."

அப்படியே என்று இரண்டு தடவை சொன்னார்.

நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, மருந்துக்கடை முனை தாண்டியதும், இவ்வளவு பெரிய கவலைக்கு இது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. வெறும் ஃபோமை மடியில் போட்டு இந்தா சோபா என்று கொடுக்க முடியுமா? மேலே ஒரு துணி வேண்டாமா?

சொன்னேன். கழுவிக் கூட்டிப்போவார் என்கிற இடத்தில் அவள் முகம் அப்படியே விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. போதகர் அதோடு விடவில்லை, பிஷப்புக்கே போன் போட்டார், பிஷப் கரகரத்த குரலில், அந்த அம்மாவுக்கு முன்வரிசை, புருஷனுக்குப் பக்கத்து நாற்காலி, நானே பொறுப்பு என்றார் —

"பிஷப்பா?" என்றாள்.

விளக்கு அணைந்துவிட்டது.

"போதகர் என்னவோ நல்லதாத்தான் சொல்லியிருப்பார். இப்ப எனக்கு எது உள்ள பஞ்சு, எது மேல துணின்னு தெரியல" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள், முடியவில்லை. நான்தான் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத் திருப்பிவிட்டேன். என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

போதகரையே அழைத்து வந்தேன். அதே வார்த்தையை அவர் வாயால் சொன்னார். அவளும் தலையாட்டினாள், ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கியதும் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தீங்களா?"

ஐயோ.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவள் சொன்னது, மறக்காமல் இருக்க: "உள்ள வர ஆசைப்படறவரா இருந்தா இங்கயே ஆரம்பிங்களேன். நான் கண்ணை மூடறதுக்குள்ள உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளா உங்களை ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும். நீங்க வந்துடுவீங்கன்னு நிம்மதியாப் போயிடுவேன்."

மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன். நான் தைத்த ஓரம். ஆயிரம் வருஷம் பிரியாது.

— பிரியும். நல்ல நூல்தான். பத்து வருஷம் நிற்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தெருக்கோடி வீட்டுக்காரர் சோபாவைப் புதுப்பிக்க வந்தார். எத்தனை வருஷம் உழைக்கும் என்றார். வாய் வரைக்கும் 'உங்க பேரன் கல்யாணத்துக்கு இதிலதான் உட்காருவீங்க' என்று வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, நாலு வருஷம், பிள்ளைகள் குதித்தால் ரெண்டு என்றேன். அடுத்த தெருக் கடையில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று போனார். வரவில்லை.

அவளிடம் சொன்னேன். "வரவே இல்லையா?" என்றாள்.

"வரல."

"கூட்டலயே?"

"இதுல கூட்ட என்ன இருக்கு?"

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சபையிலிருந்து பெண்கள் வந்தார்கள். முப்பது நாற்பது — ஆறு பேர். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று வாசலிலேயே கேட்டார்கள். இதுவரை, நேற்று எழுந்து நடந்தாள், அடுத்த மாதம் கோயிலில் பாடப்போகிறாள் என்பேன். அவர்களும் ஸ்தோத்திரம் என்று நிம்மதியாகப் போவார்கள். இன்று, "சாப்பிடல. காலையில வாந்தி. கண்ணு மஞ்சளாயிடுச்சு" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி பழப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டேயிருந்தாள். அவர்கள் பாவம். எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

டீக்கடையில் என் பெஞ்சில் யாரும் வந்து உட்காரவில்லை. "என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்று மாஸ்டர் கேட்டார். அவளுக்குத்தான் என்றேன். "அது தெரியும் மாமா, உங்களுக்கு?"

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை. வேலையில்லை. அவளுக்கு வலி.

செப்டம்பர் 5, வெள்ளி

"வீட்டுல ரேடியோ நின்னுபோன மாதிரி இருக்கு. ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

பேச என்ன இருக்கிறது? ஃபோம் வெட்டினேன். கத்தி மழுங்கிவிட்டது. சாணை பிடித்தேன். மறுபடி வெட்டினேன். இதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள், அதற்குப் பிறகு ஏதோ வரும் என்பது போல. வரவில்லை.

உள்ளது இவ்வளவு கொஞ்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதனால்தான் இத்தனை காலம் கூட்டிக்கொண்டே இருந்தேனோ?

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதவேண்டும்.

காலையில் வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்சீட்டில் அவள் தலை மருமகள் மடியில். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னையும் மச்சானையும் மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சுவரில் கை கழுவுவது எப்படி என்று படம் போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரலில் மிச்சமில்லை என்றார். இனி மருந்து வலிக்கு மட்டும்தான். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், பிடித்ததைக் கொடுங்கள், இந்த மாதம் தாண்டாது.

டாக்டரம்மா போனதும் மச்சான் என் சட்டையைப் பிடித்தான். அளந்து பேசுகிற மச்சான்.

"அத்தான், அக்காகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. புது மருந்து வருதுன்னு சொல்லுங்க. வெளிநாட்டுலருந்து. உங்களுக்குத் தெரியாததா? நீங்க சொன்னா அக்கா சிரிப்பா அத்தான்."

"பொய் சொல்லச் சொல்றியா மச்சான்?"

"சொல்லுங்களேன்! ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, என் அக்காவுக்கு ஒண்ணு சொல்லக்கூடாதா?" என்று அழுதுவிட்டான். கண்ணாடியைக் கழற்றத் தெரியாமல் கண்ணாடிக்கு மேலேயே துடைத்தான்.

கதை என்னிடம் தயாராக இருந்தது. மறைக்க என்ன? அந்த வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் முழுசாக வந்துவிட்டது. மருந்து கிளம்பிவிட்டது, விமானத்தில் ஐஸ் பெட்டியில் வருகிறது, டாக்டரம்மாவே போய் வாங்கி வருகிறார். என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல கதை எனக்கு அமைந்ததில்லை. ஒரு தையல் வெளியே தெரியாது.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்து, இடுப்பு குழியில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, காலுக்கடியில் தலையணை வைத்தேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

மச்சான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மருமகள் தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.

என்னால் முடியவில்லை. இரண்டு பக்கமும் முடியவில்லை. தலையணையை இன்னொரு தடவை சரிசெய்தேன்.

"இந்த மாசம் தாண்டாதாம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். மச்சான் வெளியே போய்விட்டான்.

அவள் என்னையே பார்த்தாள். அந்த மஞ்சள் கண்ணால்.

"கூட்டலயே?"

"இல்ல."

"குறைக்கலயே?"

"இல்லம்மா."

"அப்பாடா" என்றாள்.

அப்பாடா என்றாள்! என் கையை இழுத்துக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கையை எடுக்கவில்லை. மரத்துவிட்டது. மரக்கட்டும்.

செப்டம்பர் 10, புதன்

மச்சான் வரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மாலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். மருமகள் தலை சீவிவிட்டிருந்தாள்.

"இப்ப அந்த இடத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

எந்த இடம் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. நான் பார்த்ததில்லை, பார்க்காததைச் சொன்னால் கூட்டிச் சொன்னதாகிவிடும், வேண்டுமானால் மச்சான் வாசிக்கிறதை வாசிக்கிறேன் என்றேன்.

"அது எனக்கு மனப்பாடம். நீங்க சொல்லுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யோசிச்சுப் பாத்தேன்" என்றாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "எந்தக் கண்ணும் பாத்ததில்ல, எந்தக் காதும் கேட்டதில்ல, யார் நினைப்புலயும் வந்ததில்லன்னு வேதத்துலயே இருக்குல்ல? அப்ப நீங்க எவ்வளவுதான் கூட்டினாலும் அதுக்குக் குறைச்சலாத்தானே இருக்கும்? அதை மட்டும் கூட்டிச் சொல்லலாம். அதுல நீங்க பொய் சொல்லவே முடியாது."

மருமகள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அத்தை, மாமாவுக்குன்னே ஒரு இடம் கண்டுபிடிச்சுட்டீங்க. அங்க பத்துல ஒண்ணு செல்லாது. மாமா ஒண்ணு சொன்னா நாம பத்தாக்கணும்" என்றாள்.

பேச ஆரம்பித்தேன். முதலில் துருப்பிடித்த மாதிரி வந்தது. என் வேலையிலிருந்துதான் வந்தது, வேறு எங்கே போவேன்? அங்கே நாற்காலிகளில் ஸ்பிரிங் தளராது என்றேன். உட்கார்ந்தால் உனக்காகவே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஆனால் யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை, கால் வலிப்பதில்லையே, உட்காருவது ஆசைக்குத்தான். உன் அம்மா வாசலிலேயே நின்று, இவ்வளவு நேரமா என்று திட்டுவாள். திட்டி முடிக்கும் முன்னாலேயே கட்டிக்கொள்வாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த கை, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் சும்மா ஆடிக்கொண்டே வரும். பாட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும். நீ போனதும், இத்தனை நாள் அதில் ஒரு குரல் குறைந்திருந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு,

"அவன்?"

இந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. கல்யாணமான மறு வருஷம். காலையில் பிறந்து, மத்தியானம் வரைக்கும் இருந்தான். பேர் வைக்கவில்லை. அவனைப் பற்றி மட்டும் நான் ஒரு கதையும் கட்டினதில்லை. ஊரில் இல்லாத புலியைப் பற்றியெல்லாம் சொன்ன வாய், அவனைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

மருமகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நல்ல உயரம்" என்றேன். "என்னைவிட ஒரு சாண் கூட. உன் நெத்தி. நீ வர்றது தெரிஞ்சு காலையிலருந்தே தெருப்பக்கம் எட்டி எட்டிப் பாக்கறான். யாரோ, உனக்கு அம்மாவை அடையாளம் தெரியுமாடான்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியாமலா, அவங்க சத்தத்தை உள்ளயிருந்தே பத்து மாசம் கேட்டிருக்கேன்னு சொல்றான்."

"அவனுக்கும் உங்க வாய்தானா?"

"பாவம், வாயில்லாப் பிள்ளை. அங்கே கூட்டிச் சொல்ல ஒண்ணுமே இல்லையே. நான் போய்த்தான் பழக்கணும்."

சிரித்தாள். வலித்தது, இருந்தும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

மச்சான் வந்துவிட்டான். என்னிடம் பேசவில்லை. நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவோரம் நின்று கேட்டான். அந்த நகரத்துத் தெருவில் மழை பெய்தாலும் யாரும் நனைவதில்லை, ஆனால் மழையின் வாசனை மட்டும் உண்டு என்று சொன்னேன். "இதெல்லாம் வேதத்துல இல்ல அத்தான்" என்றான்.

"நீ சும்மா இருடா. அவருக்கு நான் அனுமதி குடுத்திருக்கேன்" என்றாள் அவன் அக்கா.

செப்டம்பர் 17, புதன்

பேச்சு நின்று நின்றுதான் வருகிறது. இன்று சொன்னது:

"நீங்க வர்றப்ப நான் வாசல்லயே நிப்பேன். யாராவது உங்களைக் கேள்வி கேட்டா, இவரு என் ஆளு, கூட்டிச் சொல்ற வாயைக் கீழேயே விட்டுட்டு வந்துட்டாருன்னு சொல்லிடுவேன்."

"கொஞ்சம் எடுத்துட்டு வர்றேனே?"

"கொஞ்சமா எடுத்துட்டு வாங்க. அவனுக்குக் கேக்க."

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று காலை. தூக்கத்தில் போனாள் என்று எல்லாரிடமும் மச்சான் சொல்கிறான். தூக்கத்தில் இல்லை. மூச்சுக்குக் கஷ்டப்பட்டாள். நான் கையைப் பிடித்திருந்தேன். மருமகள் பாடிக்கொண்டிருந்தாள். பிறகு கஷ்டப்படவில்லை.

செப்டம்பர் 20, சனி

சவப்பெட்டி செய்கிற தச்சர் நல்ல மனுஷர். ஆனால் உள்ளே மரத்தூளைக் கொட்டி, மேலே ஒரு பளபளப்புத் துணியை நாலு இடத்தில் ஆணி அடித்து விட்டிருந்தார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மேலே துணி நன்றாக இருந்தால் உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்? நானும் எத்தனை சோபாவுக்கு அப்படிச் செய்திருப்பேன்.

எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினேன். அவள் மெத்தையிலிருந்தே வெட்டினேன். கெட்டியானது அடியில், நடுத்தரம், மிருதுவானது. இடுப்புக்குக் குழி. குதிகாலுக்குக் குழி. "இனிமே அவங்களுக்கு எதுக்கு மாமா குழி?" என்று தச்சர் கேட்கவில்லை. ஆணிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே தையல் தெரியவில்லை. உள்ளே பிரித்துப் பார்த்தாலும் குறை தெரியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊரே திரண்டது.

ஐம்பது பேர் இருக்கும். மழை. போதகர் சுருக்கமாகப் பேசினார். நல்ல மண், ஈரமாக இருந்தது. ஆண்டவர் இந்த மண்ணிலிருந்து அவளை எழுப்புவார் என்றார். நான் நம்புகிறேன். அழுதுகொண்டேதான் நம்புகிறேன். இரண்டும் ஒன்றாக இருக்க முடிகிறது, எனக்கு இது தெரியாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

முன்னறையில் மெத்தையின் மிச்சம் கிடக்கிறது. நடுவில் ஆள் அளவுக்கு வெட்டிய ஓட்டை. தூக்கிப் போட மனசு வரவில்லை.

கஞ்சி வைத்தேன். தீய்ந்துவிட்டது. யாரும் கேட்காததால் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

டீக்கடையில் மாஸ்டர் கேட்டார், "மாமா, மூணு ஆஸ்பத்திரிக்காரங்க மெத்தை கேட்டாங்களே, என்னாச்சு?"

யாரும் கேட்கவில்லை, நான்தான் சும்மா சொன்னேன் என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

கடை சாத்துகிற நேரத்துக்கு மச்சான் வந்தான். அடக்கத்துக்குப் பிறகு இப்போதுதான். ஆபீஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, பாதி வேலையில் இருந்த சோபாவில் உட்கார்ந்தான். உறை போடாத சோபா, ஃபோம் மட்டும். சாதாரணமாக அதில் உட்கார மாட்டான், பேண்ட்டில் தூள் ஒட்டும்.

நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் இருந்த சாக்குக்கட்டியை எடுத்துப் பார்த்தான், வைத்தான்.

"அன்னிக்கு நீங்க அக்காகிட்ட உண்மையைச் சொன்னதுக்கு உங்களை மன்னிக்கவே கூடாதுன்னு இருந்தேன்" என்றான்.

"சரி."

"அக்கா அப்பாடான்னு சொன்னா. வெளிய நின்னு கேட்டேன்."

"ஆமா மச்சான்."

மறுபடி சாக்குக்கட்டி. அளந்து பேசுகிறவன், எதை அளப்பது என்று தெரியாமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தினமும் வாசிக்கிறேன் அத்தான். அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். எழுத்துதான் தெரியுது. அக்கா தெரியல." காலடியில் இருந்த பையை நகர்த்திவிட்டு, "அக்கா இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருப்பா?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். எனக்கும் தெரியாது. அவள் இல்லாமல் அதைப் பற்றி நான் பேசினதேயில்லை.

"சந்தோஷமா இருப்பா" என்றேன்.

அவன் தலையாட்டினான். எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அவ்வளவுதானா? கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க அத்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இன்று கடை சாத்த ரொம்ப நேரமாகிவிட்டது.